மயிலாப்பூர் ஞாயிறு பட விமர்சன வகுப்பு: புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கு எவ்வளவு பயன்?

சென்னையில் ஒளிப்படம் எடுக்கக் கற்றுத்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. எடுத்து வந்த படத்தைப் பொறுமையாகப் பார்த்து, அதில் எது அமைந்திருக்கிறது, எது அமையவில்லை, ஏன் அமையவில்லை என்று காரணத்தோடு சொல்லும் இடங்கள்தாம் அரிது. மயிலாப்பூர்ப் பகுதியில், பணி ஓய்வு பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் நடத்திவரும் பட விமர்சன வகுப்பு அந்த அரிய வகையைச் சேர்ந்தது. அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சில மாதங்களாக அங்கே போய்வருபவன் என்ற முறையில், அந்த வகுப்பின் நிறைகளையும் எனக்கு ஒவ்வாத சிலவற்றையும் எழுதுகிறேன்.

ஓர் அமர்வுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவரும் எட்டுப் படங்கள் கொண்டுவரலாம், ஆனால் அவை கேமராவிலிருந்து வந்தபடியே, வெட்டப்படாமலும் திருத்தப்படாமலும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய படத்தை அவர் ஏற்பதில்லை, ஏனெனில் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு), லென்ஸின் குவியத்தூரம் போன்ற விவரங்கள் அப்படி அனுப்பும்போது கோப்பிலிருந்து நீங்கிவிடுகின்றன. இன்னொரு நிபந்தனை சற்று வியப்பானது: நாம் தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஒருவர் ஒரு காட்சியின் முன் நின்று என்ன முயன்றார், எந்த இடத்தில் கைவிட்டார் என்பது அந்த வரிசையில்தான் தெரிகிறது என்பது அவர் கருத்து. காசிமேட்டில் அதிகாலையில் எடுத்த படகுப் படங்களைக் கொண்டுவந்த ஓர் இளைஞர் ஒரே இடத்தில் நின்று, ஒரே கண்மட்ட உயரத்தில், ஜூமை மட்டும் திருகித் திருகி எடுத்திருந்தார் என்பதை எல்லா ஃபிரேம்களையும் வரிசையாக ஓட்டிக் காட்டியபோது, ஆசிரியர் வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் திரையில் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எதைக் காட்ட நினைத்தீர்கள்?" என்பதுதான். பதில் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அதன் பிறகு எல்லோரையும் கண்களைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்க்கச் சொல்வார். நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சமும் இருளும் திட்டுத்திட்டாக மட்டும் தெரியும் அந்த நிலையில் பார்வை முதலில் எங்கே போகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எடுத்தவர் சொன்ன பதிலும் மற்றவர்களின் பார்வை போய் நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால் படம் தன் வேலையைச் செய்கிறது. இல்லையென்றால் விமர்சனம் அங்கிருந்து தொடங்குகிறது. இந்த வகுப்பின் பெரிய சிறப்பாக நான் கருதுவதும் இதைத்தான். பெரும்பாலான பயிற்சிகளில் எக்ஸ்போஷர் (ஒளியளவு) ஒரு பாடமாகவும் கம்போசிஷன் (சட்டக அமைப்பு) வேறொரு பாடமாகவும் நடத்தப்படுகின்றன, இங்கோ இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகப் பார்க்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொன்னால் இது விளங்கும். ஒரு பெண்மணி கருங்கல் மண்டபத்தினுள் நின்ற குருக்கள் ஒருவரைப் படம் எடுத்து வந்திருந்தார். சட்டகத்தில் முக்கால் பங்கு இருண்ட தூண்கள். கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே முயலும் என்பதால், இருட்டை ஈடுகட்ட அது வெளிச்சத்தைக் கூட்டியிருந்தது, அதன் விளைவாக வெள்ளை வேட்டி மடிப்புகளெல்லாம் மறைந்து வெறும் வெண்திட்டாகிவிட்டது. கேமரா கணிக்கும் ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் அளவு) அல்லது அதற்குச் சற்று மேல் குறைத்திருக்க வேண்டும், இல்லையேல் சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை அளந்திருக்க வேண்டும் என்பது எவரும் சொல்லக்கூடிய திருத்தம். ஆனால் ஆசிரியர் அதோடு நிற்கவில்லை. வேட்டியின் மடிப்புகள் மீண்டுவந்தாலும், குருக்களின் தோளுக்குப் பின்னே பிராகாரத்துக்குத் திறந்திருந்த வாசல்தான் படத்திலேயே மிகப் பிரகாசமான இடமாக இருக்கும், பார்வை முகத்தை விட்டு அங்கேதான் ஓடும் என்று சுட்டிக்காட்டினார். "இரண்டடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தத் தூண் வாசலை மறைத்திருக்கும், அம்மா; பார்வையும் முகத்திலேயே நின்றிருக்கும்" என்றார். பார்வையை இழுக்கும் வெளிச்சத்துக்கு நிற்கும் இடத்தை மாற்றித் தீர்வு காணலாம் என்பதை அதுவரை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான படம் தூத்துக்குடி உப்பளம். உச்சிவெயிலில் எடுத்த உப்புக்குவியல் அழுக்குச் சாம்பலாக வந்திருந்தது. கோப்பின் விவரம் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/800 நொடி. தெளிந்த வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமாக, அதாவது 1/100 ஆக இருக்க வேண்டும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. எஃப்/8 அதைப்போல் நான்கு மடங்கு ஒளியை விடும் என்பதால், அதையே எஃப்/8-க்கு மாற்றினால் 1/400 வரும். ஆக, உப்பின் வெண்மையைக் கண்டு மிரண்ட கேமரா தேவையான ஒளியில் பாதியைத்தான் உள்ளே விட்டிருக்கிறது என்பதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். படத்தில் ஒளி பரவியிருப்பதைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

மங்கலான படங்களைப் பற்றிய அவருடைய நோயறிதலும் துல்லியமானது. சட்டகம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. ஆள் மட்டும் கலங்கிச் சுவர் தெளிவாக இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், அதை லென்ஸின் அதிர்வுக் குறைப்பு வசதி காப்பாற்றாது. 18-55 கிட் லென்ஸை 55-இல் வைத்தால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது என்பதை மறந்து, ஐஎஸ்ஓவை 100-ஐ விட்டு நகர்த்தவே அஞ்சும் வழக்கம் புதியவர்களிடம் இருக்கிறது; அதனால் ஷட்டர் மெதுவாகிப் படம் கலங்குகிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டிப் புள்ளிகள் விழுந்தாலும் கூர்மையான படம், சுத்தமாக இருந்து கலங்கிய படத்தைவிட மேல் என்று அவர் கடிந்துகொள்ளாத ஞாயிறு இல்லை.

தலைக்கு மேல் முளைத்த மின்கம்பம், மணிக்கட்டில் வெட்டுப்பட்ட கை, சாய்ந்த கடல் விளிம்பு ஆகியவற்றை அவர் விரைவாகக் கடந்துவிடுகிறார். அவற்றை நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

குறைகளும் உண்டு. ஒளி சற்று மிஞ்சினாலும் வெளுத்துவிடும் ஸ்லைடு ஃபிலிமில் பல்லாண்டுகள் வேலை செய்தவர் என்பதால், வெளுத்துப்போன சிறு புள்ளியைக்கூட அவரால் பொறுக்க முடிவதில்லை. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் எடுப்பவர்களுக்கு இந்தக் கண்டிப்பு ஓரளவு மிகை என்றே நினைக்கிறேன். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமும் வெளுப்பு எச்சரிக்கையும் கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் வடிவத்தை வைத்துக் கணிக்கப்படுபவை, ராவில் அதற்கும் சற்று மேலே விவரம் மிஞ்சியிருப்பதுண்டு. கணினியில் படத்தைப் பதப்படுத்துவது பற்றி அவரிடம் கேட்டுப் பயனில்லை. கைபேசிப் படங்களை அவர் மறுப்பதில்லை என்றாலும், கைபேசி பல ஃபிரேம்களைத் தானே இணைத்து வெளிச்சத்தைச் சமன் செய்துவிடுவதால், அவற்றின் ஒளியளவைப் பற்றிச் சொல்ல அவரிடம் அதிகம் இருப்பதில்லை. நேரப் பங்கீடும் சீராக இல்லை: முதலில் அமர்பவரின் படங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தால், கடைசியில் அமர்பவருக்கு மதியச் சாப்பாட்டு மணம் வரும் வேளையில் பத்து நிமிடம்தான். எழுத்துக் குறிப்பு எதுவும் தரப்படாது, நோட்டுப் புத்தகம் நம் பொறுப்பு.

சலோன் எனப்படும் ஒளிப்படப் போட்டிகளுக்குப் படம் அனுப்பி மதிப்பெண்ணை மட்டும் பெறுவதோடு ஒப்பிட்டால், இந்த 500 ரூபாய் எனக்கு மலிவாகவே படுகிறது. போட்டியில் படம் ஏன் தள்ளப்பட்டது என்று மதிப்பெண் சொல்வதில்லை. அதற்காக வாராவாரம் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அடுத்தடுத்துப் போனால், அவருக்குப் பிடித்த சட்டகத்தையே நாமும் தேடத் தொடங்கிவிடுகிறோம்; வகுப்பின் பழைய மாணவர்கள் சிலரின் படங்களில் இந்தச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. ஒருமுறை கேட்டதை வைத்து ஒன்றிரண்டு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் போவது நல்ல இடைவெளி. ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் என்னவென்றே இன்னும் தெரியாதவர்கள் முதலில் அடிப்படை வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு வரட்டும், ஏனெனில் அங்கே எதையும் தொடக்கத்திலிருந்து விளக்குவதில்லை. கச்சேரிகளை முன்னிட்டு மார்கழி முழுவதும் விடுமுறை. இடம் பிடிக்கத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், முதல் நாற்காலி வேண்டுமென்றால் காலை எட்டரைக்கே மாடி ஏறிவிட வேண்டும்.