எடை குறைந்த பேஸ் ஆம்ப்: காம்போவா, தனி ஹெட்டும் கேபுமா?

பேஸ் கிட்டார் ஆம்ப் இரண்டு வகை. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் காம்போ. ஆம்ப் தனியாக இருந்தால் அது ஹெட், அதோடு இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டி கேபினெட், சுருக்கமாகக் கேப். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. ஹெட் 300 வாட், எடை ஏறக்குறைய 40 கிலோ. அதோடு வைக்கும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கேபினெட் 60 கிலோவைத் தாண்டும். இன்று 500 வாட் ஹெட் 2 கிலோவுக்குள் வந்துவிட்டது, கிட்டார் பையின் முன்பாக்கெட்டிலேயே போய்விடும். அதனால் ஹெட்டின் எடையைப் பற்றிப் பேச இனி அதிகமில்லை. தலைவலியெல்லாம் கேபினெட்டில்தான்.

ஹெட் மெலிந்ததற்கு இரண்டு காரணங்கள். கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். என்ற எடை குறைந்த ஸ்விட்சிங் பவர் சப்ளை வந்தது. கிளாஸ் டி சர்க்யூட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்து முழுதாக மூடுவதால் சூடு குறைவு, பெரிய ஹீட்சிங்க் தேவையில்லை. இதனால் சத்தம் கெட்டுவிடவில்லை. ஒரு ஹெட்டுக்கும் இன்னொன்றுக்கும் காதில் படும் வித்தியாசம் பெரும்பாலும் பிரீஆம்பிலிருந்து, அதாவது ஒலியின் தன்மையை அமைக்கும் முன்பகுதியிலிருந்து வருவது.

கேபினெட்டில் அப்படி இலவசமாக எதுவும் கிடைக்காது. ஸ்பீக்கர் கட்டுபவர்கள் ஹாஃப்மன் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் போட்டால் 12 அங்குல ஸ்பீக்கரில் சில கிலோ குறையும். பிர்ச் பிளைவுட்டுக்குப் பதில் பாப்லர் போட்டு உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பணம் கூடுதலாகும், விதி மட்டும் மாறாது. கைக்குழந்தை எடையில் ஒரு பெட்டி 40 ஹெர்ட்ஸை அதிர வைக்கும் என்று விளம்பரம் சொன்னால், அந்த எண் எத்தனை டெசிபல் இறக்கத்தில் எடுத்தது என்று பாருங்கள். மைனஸ் 10 டெசிபலில் எடுத்திருந்தால் அந்த இடத்தில் காதுக்குப் பாதிச் சத்தம்கூட வராது.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

நான்கு செட்களை எடுத்துக்கொள்வோம்.

ஃபெண்டர் ரம்பிள் 100 காம்போ: ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 100 வாட், 10 கிலோ.

ட்ரேஸ் எலியட் எல்ஃப் ஹெட்: முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 4 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) கேபில் 200 வாட், 8 ஓமில் 130 வாட். இதோடு ஏதாவது ஒரு 10 அங்குல நியோ கேப்.

அகுய்லர் டோன் ஹேமர் 500 ஹெட்டும் அதே நிறுவனத்தின் எஸ்.எல். 112 கேபும்: ஹெட் 1.8 கிலோ, கேப் 11.3 கிலோ. கேப் 8 ஓம் வகை, 250 வாட் தாங்கும்.

ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ: இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர், 16.5 கிலோ. தனியாக 350 வாட், வெளியே இன்னொரு 8 ஓம் கேப் சேர்த்தால் 500.

வாட்டை மட்டும் பார்த்தால் 500தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் வாட் இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' அவ்வளவுதான். சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 100 வாட் ரம்பிளிலிருந்து 130 வாட் எல்ஃபுக்குப் போனால் கூடுவது 1 டெசிபல் சொச்சம், யாருக்கும் தெரியாது. 130இலிருந்து 250க்குப் போனாலும் 3 டெசிபலுக்குள்தான். ஒரே வாட்டுக்கு ஒரு கேப் எவ்வளவு சத்தம் தரும் என்பதுதான் சென்சிடிவிட்டி. ஒரு கேபுக்கு அது 94 டெசிபல், இன்னொன்றுக்கு 97 என்றால், அந்த மூன்று டெசிபல் வித்தியாசம் ஹெட்டை இரட்டிப்பு வாட்டுக்கு மாற்றியதற்குச் சமம். கடையில் எல்லோரும் ஹெட்டின் வாட்டைக் கேட்கிறார்கள், கேபின் சென்சிடிவிட்டியைக் கேட்பவர் அரிது.

மிக்ஸருக்கு லைன் போகிறதா?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. சர்ச்சிலோ மண்டபக் கச்சேரியிலோ பேஸ் மிக்ஸருக்குப் போய் பி.ஏ.வில் (கூட்டத்துக்குக் கேட்க வைக்கும் பெரிய ஸ்பீக்கர்களில்) வருகிறது என்றால், மேடையில் உள்ள ஆம்ப் வாசிப்பவர் காதுக்கும் டிரம்மர் காதுக்கும் மட்டுமே. அதற்கு ரம்பிள் 100 போதும், பல மேடைகளில் 8.2 கிலோ ரம்பிள் 40 கூடப் போதும். இரண்டிலும் எக்ஸ்.எல்.ஆர். லைன் அவுட் உண்டு. எல்ஃபிலும் டி.ஐ., அதாவது மிக்ஸருக்கு நேராகச் சிக்னல் தரும் அவுட், இருக்கிறது. பைக்கில் போகிறவர்களுக்கு எல்ஃபும் 10 அங்குலக் கேபும் ஒரு கையில் அடங்கிவிடும். காம்போவில் எது கெட்டாலும் மொத்தப் பெட்டியும் கடைக்குப் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ. இல்லாமல், அல்லது பி.ஏ.வில் பாட்டும் கீபோர்டும் மட்டும் போகும் இடத்தில், டிரம்ஸோடு போட்டியிட ஒற்றை 10 அங்குலம் தாக்குப்பிடிக்காது. ஒற்றை 12 சின்ன அறையில் சமாளிக்கும், மண்டபத்தில் திணறும்.

எங்கள் தேர்வு மூன்றாவது செட். காரணம் முதல் கேப் அல்ல, இரண்டாவது கேப். டோன் ஹேமர் 500 ஒற்றை 8 ஓம் கேபுக்கு 250 வாட் தருகிறது, எஸ்.எல். 112 தாங்குவதும் அதே 250. அதே மாதிரி இன்னொரு கேப் சேர்த்தால் இரண்டும் இணைந்து 4 ஓம், ஹெட் 500 வாட் தரும். வாட்டால் 3 டெசிபல், இரண்டு கோன்கள் (ஸ்பீக்கரின் அசையும் கூம்புகள்) சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் பேஸ் பகுதியில் இன்னொரு 3, ஆக 6 டெசிபல் வரை. சின்ன நிகழ்ச்சிக்கு 13 கிலோ, பெரியதற்கு 24 கிலோ, அதையும் இரண்டு தடவையாகத் தூக்கலாம். ரம்பிள் 500 விலையில் நிச்சயம் கவர்கிறது, ஆனால் தெருமுனை நிகழ்ச்சிக்கும் அதே 16.5 கிலோவைத்தான் தூக்க வேண்டும்.

இரண்டு 12 அங்குலக் கேபை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் கேப் காதுக்குப் பக்கத்தில் வரும், ஸ்பீக்கர்கள் செங்குத்தாக நிற்பதால் சத்தம் பக்கவாட்டில் நன்றாகப் பரவும். 2x10 கேபில் ஸ்பீக்கர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நேரே நிற்பவருக்கு ஒன்று, ஓரத்தில் நிற்பவருக்கு வேறொன்று கேட்கும். அதைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் தீரும். காம்போவில் அப்படி நிமிர்த்துவது சிரமம்.

மார்க்பேஸ் லிட்டில் மார்க் III ஹெட், டோன் ஹேமருக்கு நேர்ப் போட்டி: 2.9 கிலோ, 4 ஓமில் 500, 8 ஓமில் 300 வாட். அந்த 50 வாட் ஒரு டெசிபல் கூட இல்லை, அதற்காக மாற வேண்டாம். ஒலிக்காக மாறலாம். டோன் ஹேமரில் டிரைவ் குமிழைத் திருப்பினால் மெல்லக் கரகரக்கும். மார்க்பேஸ் நேரடியாக, மிட் (நடு அலைவரிசை) தெளிவோடு வரும். அதிலுள்ள வி.பி.எஃப். குமிழ் 380 ஹெர்ட்ஸ் பகுதியைக் குழித்துக் கீழும் மேலும் தூக்குகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், பேண்டோடு வாசிக்கும்போது பேஸ் காணாமல் போகும். மேடையில் அதைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

ஓம் கணக்கு

பெரும்பாலான சின்ன ஹெட்கள் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 8-உம் 8-உம் சேர்ந்தால் 4. 8-உம் 4-உம் சேர்ந்தால் 2.67. மூன்று 8 சேர்ந்தாலும் 2.67. இரண்டு 4 சேர்ந்தால் 2. முதல் கேபை 4 ஓமாக வாங்கினால் ஹெட்டின் முழு வாட்டும் உடனே கிடைக்கும், ஆனால் இரண்டாவது கேபுக்குக் கதவு அடைபட்டுவிடும். ஒரே கேபோடு நிற்கப் போகிறவருக்கு மட்டும் 4 ஓம் சரி.

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கேபிளே வேண்டும். கிட்டார் கேபிளைச் செருகினால் மெல்லிய கம்பி சூடாகும், சில சமயம் ஷார்ட் ஆகும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பல கிளாஸ் டி ஹெட்களில் ஸ்பீக்கர் அவுட்டின் மைனஸ் முனை எர்த் அல்ல, அதிலும் சிக்னல் இருக்கிறது. அதை எர்த் உள்ள டி.ஐ. பாக்ஸின் ஸ்பீக்கர் இன்புட்டில் கொடுத்தால் பவர் மாட்யூல் போய்விடும். மிக்ஸருக்கு ஹெட்டின் எக்ஸ்.எல்.ஆர். வழியாகவே போங்கள், இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள்.

எங்கே கெடுகிறது

சின்னக் கேப் 'பர்ர்' என்று அலறுவதற்கு வாட் குறைவு காரணமல்ல. தாழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸின் பி 31 ஹெர்ட்ஸ். போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டியில், அது டியூன் செய்யப்பட்ட அலைவரிசைக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சத்தமாக மாறாமல் முன்னும் பின்னும் வீணாக அடித்துக்கொள்ளும். 250 வாட் என்பது ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) எரியாமல் தாங்கும் அளவு. கோன் தன் எல்லையைத் தொடுவதற்கு, அந்தத் தாழ்வில், அதைவிட மிகக் குறைந்த வாட் போதும். பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள், 12 ஏற்றினால் பதினாறு மடங்கு. 35 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் பெடல் ஒன்று இருந்தால் அதே கேப் கணிசமாகச் சத்தம் கூடி வாசிக்கும். பி தந்தியின் அடிநாதம் எந்த எடை குறைந்த கேபிலும் முழுதாக வராது. காது மேல் ஓசைகளை வைத்து அதை ஊகித்துக்கொள்கிறது, பாட்டுக்கு அது போதும்.

2 கிலோ ஹெட் அதிரும் கேபின் மேல் மெல்ல நகர்ந்து விழும். வெல்க்ரோ ஒட்டுங்கள். விசிறித் துவாரத்தைத் துண்டு, நோட்டுப் பேப்பர் எதுவும் மூடக் கூடாது. மதிய வெயிலில் திறந்த மேடை என்றால் நிழலில் வையுங்கள், சூடேறிப் பாதிப் பாட்டில் புரொடெக்ஷனில் நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கும் ஹெட் என்றால் பின்பக்கம் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் நேராக நம் 230இல் செருகலாம். 115/230 என்று ஸ்விட்ச் இருந்தால் மாற்றிவிட்டு இணையுங்கள். 120 மட்டும் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஹெட்டில் மிச்சம் பிடித்த எடை அதிலேயே திரும்ப வந்துவிடும்.

ரிப்பேர் விஷயத்தில் பழைய ஆம்புகளே மேல். அவற்றில் போன டிரான்சிஸ்டரை ஊர்க் கடையிலேயே மாற்றிவிடுவார்கள். கிளாஸ் டி போர்டில் மிகச் சிறிய பாகங்கள், பெரும்பாலும் மாட்யூலையே மாற்ற வேண்டும், அது வந்து சேர வாரங்கள் ஆகலாம். டி.ஐ. உள்ள பிரீஆம்ப் பெடல் ஒன்று பையில் இருந்தால் ஹெட் நின்ற இரவிலும் நேராக மிக்ஸருக்குப் போகலாம். பழையது வாங்கும்போது ஹெட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள், ஸ்பீக்கான் பிளக் திருகிப் பூட்டுகிறதா என்று பாருங்கள், கேபின் ஸ்பீக்கர் கோனை இரு கைகளாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் அடிபட்டிருக்கிறது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.