பிரஷர் வாஷர் வாங்குமுன்: சில ஆண்டுப் பயன்பாடு கற்றுத்தந்தவை

சிங்கப்பூரில் தரைவீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பாசித் தொல்லையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில் எங்கள் கார் நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரை கறுத்து வழுக்கத் தொடங்கிவிடும். வீட்டில் முதியவர்கள் நடமாடுவதால், தேய்ப்பானோடு போராடுவதை விட்டு, நீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் கருவியான பிரஷர் வாஷர் வாங்கினோம். சில ஆண்டுகளாக அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம்.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'பார்' (அழுத்தத்தின் அலகு) எண்ணை மட்டும் நம்பி இக்கருவியை வாங்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அது பெரும்பாலும் உச்ச அழுத்தத்தைக் குறிப்பது. வேலையின்போது தொடர்ந்து கிடைக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும், அழுத்தம் பாசியைப் பெயர்க்கிறது என்றால், பெயர்ந்ததை வடிகால்வரை அடித்துச் செல்வது நீரின் அளவு. அது குறைந்தால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவ நேரிடும். இரண்டையும் சேர்த்துச் சரிபார்க்க எளிய கணக்கு உண்டு. பார் எண்ணை, நிமிடத்துக்கு வெளிவரும் லிட்டரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால், அதற்குக் குறைந்தது எத்தனை கிலோவாட் திறன் வேண்டும் என்பது தெரிந்துவிடும். 180 பார், 8 லிட்டர் என்றால் 2.4 கிலோவாட் வேண்டும். அதே பெட்டியில் மோட்டாரின் திறன் 1,400 வாட் என்று போட்டிருந்தால், அவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்க வழியே இல்லை. நம் வீடுகளின் 230 வோல்ட், 13 ஆம்பியர் இணைப்பு தருவதே ஏறத்தாழ 3 கிலோவாட்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்களுடையது 130 பார், மணிக்கு 420 லிட்டர் வகை. சிமெண்டுத் தரைக்கும் காருக்கும் இதுவே தாராளம். ஒரு மணி நேரம் ஓயாமல் இயக்கினாலும் இன்றைய கட்டணத்தில் ஒன்றரை வெள்ளி அளவுக்கே தண்ணீர் செலவாகும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மோட்டார். கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள மோட்டார் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் இரைச்சல் மிகுதி, பிரஷ்களும் தேயும். இண்டக்‌ஷன் மோட்டார் பிரஷ் இல்லாதது, கனமானது, விலையும் கூடுதல். எனினும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அண்டை வீட்டாரின் நிம்மதிக்காகவே அதை நான் பரிந்துரைப்பேன்.

நீர் பீய்ச்சும் முனைகளைப் பொறுத்தவரை 25, 40 பாகை விசிறி முனைகளே அன்றாட வேலைக்குப் போதும். ஊசிபோல் பாயும் 0 பாகை முனை ஓடுகளுக்கிடையிலான பூச்சைப் பெயர்த்துவிடும், தோலையும் துளைக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். குளிர்சாதனக் கருவியின் அலுமினியத் தகடுகள் மெல்லியவை, வளைந்துவிடும் என்பதால் அங்கே இக்கருவியைக் கொண்டு செல்வதே இல்லை.

கருவியின் ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள் மிகச் சில. குழாயை முழுவதும் திறந்து, காற்று வெளியேறிய பிறகே இயக்க வேண்டும். நீர் போதாமல் ஓடும் பம்ப் விரைவில் பழுதாகும். வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, குழாயை மூடி, துப்பாக்கியின் விசையை அழுத்தி எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். நீர் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியையும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். தாழ்வாரத்தில் பீய்ச்சும் நீர் கீழ்வீட்டுக்காரர் உலர்த்திய துணிமீது விழும். அந்த அளவு இடத்துக்கு வாளியும் தேய்ப்பானுமே போதும்.