பைபிள்வொர்க்ஸா, இ-ஸ்வார்டா, லோகோஸா?

மூன்றும் பைபிளை ஆராய்ந்து படிக்க உதவும் கணினி மென்பொருள்கள். இவற்றில் பைபிள்வொர்க்ஸ் நிறுவனம் 2018 ஜூனில் கடையை மூடிவிட்டது. 2015இல் வந்த பத்தாம் பதிப்போடு சரி. ஆனாலும் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலர் அதைக் கணினியிலிருந்து நீக்கவில்லை. நானும்தான்.

யோவான் 21:15ஐத் திறந்து பார்த்தாலே காரணம் விளங்கும். கட்டளை வரியில் வசன எண்ணைத் தட்டினால் வசனம் வந்து நிற்கும். கிரேக்கச் சொல்லின்மேல் சுட்டியைக் கொண்டுபோனால், சொடுக்கக்கூட வேண்டாம், பக்கத்திலேயே மூலச்சொல், இலக்கணம், அகராதிப் பொருள் எல்லாம் தெரியும். ‘என்னை நேசிக்கிறாயா’ என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் இடம் இது. கிரேக்கத்தில் அன்புக்கு இங்கே இரண்டு வினைச்சொற்கள். இயேசு முதல் இரண்டு முறை கேட்பது ‘அகபாவோ’. பேதுருவின் பதிலோ ‘ஃபிலேயோ’. மூன்றாம் முறை இயேசுவே பேதுருவின் சொல்லுக்கு வந்துவிடுகிறார். கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நம் பழைய தமிழ் வேதாகமமோ ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறாயா’ என்று பிரித்தே வைத்திருக்கிறது. அதைக் கவனித்த அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தப் பிரிவுக்கு உண்மையிலேயே பொருள் உண்டா என்று அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துத் தேடினால் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்: பிதா குமாரனிடம் அன்பாயிருப்பதைச் சொல்ல, அதே யோவானில் 3:35இல் அகபாவோ, 5:20இல் ஃபிலேயோ; ஒரே செய்திக்கு இரண்டு சொல்லும். பிரசங்கத்தில் அடித்துப் பேசுவதற்கு முன் பார்க்கவேண்டிய இடம் இது.

2000 முதல் ரிக் மேயர்ஸ் இலவசமாகத் தரும் இ-ஸ்வார்டு வேறு வழியில் போகிறது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் தம் வேதாகமச் சொல்லடைவில் மூலமொழிச் சொற்களுக்கு இட்ட எண்கள்தான் அதன் பலம்: அகபாவோ 25, ஃபிலேயோ 5368. கிரேக்க எழுத்தே தெரியாதவரும் எண்ணைப் பிடித்து அகராதிக்குப் போய்விடலாம். ஆனால் எண் காட்டுவது மூலச்சொல்லை மட்டுமே. வசனத்தில் அது எந்தக் காலத்தில், எந்த வடிவில் நிற்கிறது என்று அந்த எண் சொல்லாது. கையிருப்பு இல்லாத இறையியல் மாணவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

லோகோஸ் ஒரு நூலகம். விளக்கவுரைகளை அடுக்கி வைத்துப் படிக்க அதற்கு ஈடு இல்லை, கைப்பேசியிலும் திறக்கும். ஆனால் ஒரு வினைச்சொல்லைப் பற்றிக் கேட்டால் பத்துப் புத்தகங்களை மேசையில் போடும் சுபாவம் அதற்கு. 2024இலிருந்து சந்தா முறைக்கும் மாறிவிட்டது. ஏற்கெனவே வாங்கிய புத்தகங்கள் கையில் இருக்கும், புதிய வசதிகளுக்குச் சந்தா கட்டவேண்டும்.

விளக்கவுரைக்கு லோகோஸைத் திறக்கிறேன்; வசனத்துக்குப் பைபிள்வொர்க்ஸ்தான். பழுது பார்க்க ஆளில்லாத மென்பொருள் என்பதால், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.