போதை இறக்கும் டிரிப்ஸ்: கெச்சியாவ் வரும் துணி வியாபாரிகள் கவனிக்கவும்

சீனாவில் ஷாவ்ஷிங் நகரை ஒட்டிய கெச்சியாவ் துணிச்சந்தைக்குத் திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து சரக்குப் பார்க்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பகலில் மீட்டர் விலையில் நம்மை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. அதில் நாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இரவு விருந்து முடிந்த பிறகுதான் ஏமாறுகிறோம்.

போன மாதம் எங்கள் கம்பெனியிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவனை ஆலைக்காரர் விருந்துக்கு அழைத்தார். நான் இங்கேயே தங்கி வேலை பார்ப்பவன் என்பதால் கூடப் போனேன். பையன் சைவம். சுழலும் மேசை நிறைய மீனும் பன்றியும் இருக்க, அவன் தட்டில் விழுந்தது வேர்க்கடலையும் கொஞ்சம் கீரையும்தான். குடிக்குத்தான் சைவம் அசைவம் கிடையாதே. ஊர்ப் பெருமையான சூடான அரிசி மதுவில் தொடங்கி, 52 சதவீத பைஜியு என்ற தானியச் சாராயத்துக்குப் போனார்கள். கட்டைவிரல் உயரக் கோப்பைதான். ஆனால் ஆளாளுக்கு எழுந்து வந்து "கான்பெய்", அதாவது கோப்பையைக் காலி செய் என்று நீட்டினால் எத்தனை தடவை மறுப்பது?

"பயப்படாதீர்கள் அண்ணே, மாத்திரை போட்டிருக்கிறேன். இரண்டு மடங்கு குடித்தாலும் ஏறாதாம்" என்றான். தங்கியிருந்த ஓட்டலின் கீழ்த்தளக் கடையில் 168 யுவானுக்கு விற்ற மூலிகை மாத்திரை அது. பத்து மணிக்கு அவனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இரண்டு முறை வாந்தி. நாக்குக் குழறியது; ஆனால் கூப்பிட்டால் பதில் சொன்னான், என் பெயரைச் சொன்னான்.

விருந்துக்கு வந்திருந்த வண்டி ஓட்டுநர் தனக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோனார். அங்கிருந்த மருத்துவர் பையனின் தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை, எங்காவது விழுந்தானா என்று கேட்கவில்லை. "சீன மருந்து ஒரு பாட்டில், மேல்நாட்டு மருந்து ஒரு பாட்டில், இரண்டும் சேர்ந்தால் அரை மணியில் எழுந்து நடப்பார்" என்றார். பணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகே ஊசி ஏறியது.

ஒரு மணி நேரம் கழிந்தும் அவன் எழவில்லை. உடம்பு சில்லிட்டு வியர்த்தது, கை நடுங்கியது. என் அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். இந்த வியர்வை எனக்குப் பழக்கம். சர்க்கரை பார்த்தீர்களா என்று நர்ஸிடம் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். பார்க்கவில்லை. விரலில் குத்தினார்கள்: 3.1. நம் ஊர்க் கணக்கில் 56, குறைவு. வெறும் வயிற்றில் மது போனால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது தடைப்படும் என்பது மருத்துவத்தில் பாலபாடம். தொங்கிய பாட்டில்கள் எல்லாம் உப்புநீரில் கலந்தவை. குளுக்கோஸ் ஏற்றிய சற்று நேரத்தில் பையன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். மருத்துவர் வந்து, மூலிகை ஊசி வேலை செய்துவிட்டது என்று சிரித்தாரே பார்க்கலாம்!

பில் 1,860 யுவான். வரிவாரியாக அச்சிட்டுக் கேட்டு வாங்கினேன். நாலாக்ஸோன், சிங்நாவ்ஜிங் என்ற மூலிகை ஊசி, வயிற்று அமிலத்துக்கான ஓமெப்ரசோல், வைட்டமின் சி, வைட்டமின் பி6. சர்க்கரைப் பரிசோதனை கடைசி வரி, அதுவும் நான் கேட்டதால் வந்தது.

சிங்நாவ்ஜிங் என்பது கஸ்தூரி, மஞ்சள் இனக் கிழங்கு, போர்னியால் எனும் ஒருவகைக் கர்ப்பூரம், கார்டீனியாக் காய் ஆகிய நான்கிலிருந்து எடுப்பது. நாலாக்ஸோன் ஹெராயின், மார்ஃபின் அளவு மீறியவர்களை மீட்கும் மருந்து. அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மது அபின் வகையல்ல. மேல்நாடுகளில் வெறும் மது மயக்கத்துக்கு இதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. சீனாவில் வெளிவந்த ஆய்வுகள் பலவற்றில் ஒரு தரப்புக்கு நாலாக்ஸோன் மட்டும், மறு தரப்புக்கு அதோடு மூலிகை ஊசியும் கொடுத்து, யார் முதலில் விழித்தார் என்று பார்த்திருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யாருக்கு என்பது பார்ப்பவருக்கும் தெரியும். அளவுகோலாக வைத்த நாலாக்ஸோனே மதுவுக்கு வேலை செய்யும் என்று நிரூபணமாகாதபோது, அதை மூலிகை வென்றது என்பதில் என்ன இருக்கிறது? ஆல்கஹால் வெளியேறுவதை ஓரளவு விரைவாக்குவதாகச் சிறு ஆய்வுகள் காட்டும் மெட்டாடாக்சின் என்ற மருந்தும் உண்டு. எங்கள் பில்லில் அது இல்லை.

சீன வைத்தியத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. 2014இல் சீன மருத்துவர்களே வெளியிட்ட கூட்டு வழிகாட்டுதல், லேசான போதைக்குச் சிகிச்சை தேவையில்லை, வீட்டில் வைத்துக் கவனித்தால் போதும் என்கிறது. 2017ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுப் பட்டியலும் மதுவைப் பொறுத்தவரை சிங்நாவ்ஜிங்குக்குப் பணம் தந்தது நினைவிழந்து கிடப்பவருக்குத்தான், அதுவும் பெரிய மருத்துவமனைகளில் மட்டும். பேசிக்கொண்டிருந்த பையனுக்கு அதை ஏற்றினார்கள். மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம்: 2006இல் வேறொரு மூலிகை ஊசியால் கடும் ஒவ்வாமையும் மரணங்களும் நேர்ந்து, சீன அரசே அதை நிறுத்திவைத்தது.

கணக்குப் போட்டாலே அரை மணி வாக்குறுதி பொய் என்று தெரியும். கால் லிட்டர் பைஜியுவில் ஏறத்தாழ 100 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். அந்தக் கணக்கில் பத்து மணி நேரமாவது ஆகும்; எங்கள் பில்லில் இருந்த எந்தப் பாட்டிலும் அதை அரை மணியில் காலி செய்யாது.

மாத்திரைக் கதை இன்னும் வேடிக்கை. டப்பாவின் முன்புறம் குட்ஸு கொடியின் பூவும், 13ஆம் நூற்றாண்டு வைத்தியர் லீ டோங்யுவானின் படமும். பின்புறம் பொடி எழுத்தில் இருந்த உணவு வகை: அழுத்திச் செய்த மிட்டாய். மருந்து உரிமமும் இல்லை, சத்துணவுப் பொருளுக்கான நீலத் தொப்பி முத்திரையும் இல்லை. லீ டோங்யுவான் குட்ஸு பூவோடு ஜின்செங், ஏலம், ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்துக் குடிபோதைக்குச் சூரணம் எழுதியது உண்மைதான். வேறு வழியில்லாதபோது மட்டும் கொடுக்க வேண்டியது, இதை நம்பித் தினமும் குடிக்கலாகாது என்று அவரே அதில் எழுதியும் வைத்தார். டப்பாக்காரர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

உங்களோடு வந்தவர் சாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். தட்டியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போகிறது, உதடு நீலம், தலையில் அடி, வலிப்பு என்று எது இருந்தாலும் ஆம்புலன்ஸ் எண் 120ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கே போங்கள். ஓட்டுநர் சொல்லும் இடத்துக்கு வேண்டாம். முதலில் சர்க்கரையும் மூச்சும் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டில் பேச்சு அப்புறம்.

மாத்திரை பற்றி நுகர்வோர் புகார் எண் 12315இல் சீனத் தோழி ஒருவர் பேசினார். கடைக்காரர் 168 யுவானைத் திருப்பித் தந்தார். மருத்துவமனைக்கும் எழுதினோம், எந்த மருந்து எழுதுவது என்பது மருத்துவரின் உரிமை என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. 1,860 போனது போனதுதான்.