உப்புக்காற்றில் ஓர் இசையறை: ஏசி காயில் மாற்றிய கையோடு எழுதுவது

ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் காயில், அதாவது செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த சுருள், மாற்றியாயிற்று. புது ஏசி விலையில் கிட்டத்தட்ட பாதி பில். காயில் மதுரையிலிருந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி அடைமழை முடியப் போய்விட்டது. தங்கச்சிமடத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு இசையறை அமைத்ததிலிருந்து, எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கெல்லாம் நல்லபடியாகவே பதில் சொல்லி வந்தேன். இப்போது கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன், ஆனால் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

என்ன மைக், என்ன இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) என்பதையெல்லாம் நீட்டப் போவதில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஷூர் எஸ்எம்57, ஹெட்போன், பழைய லேப்டாப். வயலின் நான் வாசிப்பேன், மிருதங்கம் அக்கா மகன். இந்த அளவு சாமான்கள் எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது காற்று. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

சத்தம் உள்ளே வரக்கூடாது என்றால் இரண்டு வேண்டும். கனமான சுவர், காற்று புகாத அடைப்பு. தாள் நுழையும் சந்து இருந்தாலும் அதன் வழியே சத்தம் வந்துவிடும். அதனால் ரோட்டுப்பக்கச் சன்னலைக் கல் வைத்து அடைத்தோம். நான்கு அங்குலம் இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு சுவர் எழுப்பினோம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, விளிம்பெல்லாம் ரப்பர் பீடிங். அறை நன்றாகவே அடைந்தது. அப்படி அடைந்த அறைக்குள் 2 பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தால் மூச்சும் வியர்வையும் சேர்ந்து சுவரே பிசுபிசுக்கும். ஏசி இல்லாமல் அந்த அறை அறையே இல்லை.

ஏசி ஓடும்போது பதிவு செய்ய முடியாது. எவ்வளவு அமைதியான இன்வெர்ட்டர் ஏசி என்றாலும் அதன் காற்றோசை கண்டென்சர் மைக்கில் விழும். ஆலாபனையில் வில்லை மெதுவாக இழுத்து நிறுத்துகிற இடத்தில் அந்த 'ஸ்ஸ்' தனியாகக் கேட்கும். சரி, நிறுத்திவிட்டுப் பதிவு செய்வோம் என்று நிறுத்தினால் ஈரப்பத மீட்டர் ஏற ஆரம்பிக்கும். காற்றிலிருந்து ஏசி பிடித்த தண்ணீர் முழுவதும் உடனே வடிந்துவிடுவதில்லை, உள்யூனிட் காயிலின் மேல் ஒரு பங்கு நிற்கிறது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் அது மறுபடி அறைக்குள்தான் வரும். ஆகவே நிறுத்தும்போது ஃபேனையும் சேர்த்து நிறுத்த வேண்டும். இரண்டு உருப்படி பதிவு, அப்புறம் ஏசி, மறுபடி பதிவு. இந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஏசியை 22ல் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வைகாசி, ஆனியில் இங்கே காற்றின் பனிநிலை 25 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள்மேல் வெளிக்காற்று பட்டாலும் தண்ணீர் கோக்கும். குளிர்ந்த அறையிலிருந்து வயலினை அப்படியே திண்ணைக்குக் கொண்டுவந்தால் தந்திமேல் ஈரம் படிவதைக் கையால் தடவியே உணரலாம். அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்திருக்கும். நாங்கள் 26க்குக் கீழே இறக்குவதில்லை. வாத்தியம் பெட்டிக்குள் போய் மூடிய பிறகுதான் கதவு திறக்கும்.

வருத்தமெல்லாம் வெளியே இருக்கிற அந்த இரும்புப் பெட்டியின் மேல்தான். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, நடுவில் குறுகலான எங்கள் தீவு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு தெற்கிலிருந்து வரும், வாடை தொடங்கினால் வடக்கிலிருந்து வரும். அவுட்டோர் யூனிட்டை எந்தச் சுவரில் மாட்டினாலும் ஆண்டில் பாதி அது கடலைப் பார்த்துத்தான் நிற்கும். அதன் வேலையே வெளிக்காற்றை நாள் முழுக்க இழுத்துக் காயிலின் ஊடே விடுவது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் முதலில் அரிக்கும். தகடு பொடிப்பொடியாக உதிரும். பிறகு குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, கேஸ் லீக். கேஸ் நிரப்பினார்கள், இறங்கியது. பற்றவைத்து மறுபடி நிரப்பினார்கள், மறுபடியும் இறங்கியது. "அண்ணே, கடலோரத்துல இவ்வளவு நாள் ஓடுனதே பெரிசு" என்றார் சரிபார்க்க வந்த தம்பி. அவர் மேல் குறையில்லை, பார்த்ததைச் சொன்னார். ஆனால் கடலோரத்துக்கு விற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? காயிலுக்குப் பூச்சு உண்டா என்று வாங்கும்போதே கேட்டேன். உண்டு என்றார்கள். கழற்றிப் பார்த்தால் உடம்பைப் பிடித்திருந்த திருகாணிகள்கூடச் சாதா இரும்பு, தலை தெரியாமல் துருவேறியிருந்தன.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாம்பனில் புதுப் பாலம் நிற்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். அரிப்புக்கு அஞ்சித்தான் அதில் துருப்பிடிக்காத எஃகு, முழுக்க வெல்டிங் இணைப்பு, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று வைத்தார்கள். 1914ல் திறந்த பழைய பாலத்தை இந்தக் காற்று என்ன செய்தது என்று நூறாண்டுக்கு மேல் பார்த்த பிறகு வந்த ஏற்பாடு அது. பாலத்துக்குச் செய்வதை ஏசிக்குச் செய் என்று நான் கேட்கவில்லை. நல்ல பூச்சு பூசிய காயிலும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) திருகாணியும் கூடுதல் விலைக்குக் கொடுத்தாலும் இந்தக் கரையில் வாங்க ஆள் இருக்கிறது. தொண்டியிலிருந்து தனுஷ்கோடிவரை கடலைப் பார்த்து எத்தனை வீடுகள்!

ஏசி நின்ற நாட்களில்தான் அறை எதற்காக இருக்கிறது என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஈரப்பத மீட்டர் 85 சதவீதத்தைத் தாண்டியது. முதலில் போனது கண்டென்சர் மைக். அதன் உள்ளே இருக்கும் சவ்வு சில மைக்ரான் தடிமன்தான். சவ்வுக்கும் பின்தட்டுக்கும் நடுவே மின்னூட்டம் கசியாமல் நிற்க வேண்டும். ஈரமும் உப்பும் படிந்தால் கசிகிறது, பதிவில் எண்ணெயில் கடுகு பொரிவது போலக் கேட்கிறது. மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், எங்களுடையதும் தெளிந்தது. சென்ஹைசரின் எம்கேஹெச் வரிசை மைக்குகள் ரேடியோ அலைவரிசை முறையில் வேலை செய்பவை, ஈரத்தில் இந்தத் தொல்லை குறைவு. மழைக்காட்டில் பறவைக் குரல் பதிபவர்கள் அவற்றைத் தேடுவது அதனால்தான். விலை என் கைக்கு எட்டாதது. எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் அந்த மழை முழுக்க ஒரு சொல் பேசாமல் உழைத்தது. மெல்லிய சத்தம் அதில் கண்டென்சர் அளவுக்கு விழாது என்றாலும் அதன்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

மிருதங்கத்தின் பாடு இன்னும் மோசம். வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், ஈரம் வாங்கித் தளர்ந்தது. தட்டிச் சுருதி ஏற்றினால் பல்லவி முடிவதற்குள் இறங்கும். வயலினில் தந்தியை முறுக்கும் பிருடை ஊதிப்போய்த் திருப்ப வரவில்லை. கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்தால் ஒரு வாரம் வரும்.

அப்போதுதான் காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கினேன். சின்ன அலமாரி அளவு, சக்கரம் வைத்தது, அடியில் தண்ணீர்த் தொட்டி. முதல் இரவே தொட்டி நிரம்பி நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. சில நாளில் மீட்டர் 55க்கு வந்தது. இதற்கு அவுட்டோர் யூனிட் கிடையாது. அதன் காயில் மூடிய அறைக்குள் இருக்கிற காற்றை மட்டுமே பார்க்கிறது, கடற்காற்று அதைத் தொடவே வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் கொண்டாடுவேன். குறையும் உண்டு. தண்ணீரை எடுத்து வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது, சத்தமும் போடும். ஐப்பசி முதல் தைவரை அந்த வெப்பம் தெரியாது. சித்திரையில் அது ஓடும்போது உள்ளே உட்கார முடியாது. இரவு முழுக்க அதை ஓடவிட்டுக் காலையில் நிறுத்திவிட்டுப் பதிவு செய்வது எங்களுக்கு ஒத்துவந்த முறை.

அறையின் நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பஞ்சு மெத்தை சுவரில் சாத்தினால் இங்கே பூசணம் பிடிக்கும். ஃபோம் ஷீட் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. நாங்கள் தென்னைநார் மெத்தைப் பலகையை நான்கு அங்குலத் தடிமனில் வாங்கி, வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தில் பொருத்தி, மேலே சாக்குத் துணி இழுத்துக் கட்டினோம். சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். பின்னால் காற்று ஓடுவதால் பூசணம் இல்லை. அந்த இடைவெளியால் கீழ்ச்சுருதிச் சத்தமும் கூடுதலாக அடங்குகிறது. தென்னைநார் உப்புத் தண்ணீருக்கே அசையாதது, ஈரக்காற்று அதை என்ன செய்துவிடும்? இத்தனைக்கும் அறையில் ஆகக் குறைந்த செலவு இதுதான்.

அறை 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி. அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் சத்தம் இரட்டிப்பாகத் தங்கி நிற்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு கும்கி (தோலை அழுத்தி வழுக்கி எழுப்பும் ஆழ்ந்த ஒலி) கொடுத்தால் அது அறை முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். நான்கு மூலையிலும் தரையிலிருந்து மேல்தளம்வரை நார்ப் பலகையை அடுக்கிய பிறகு அடங்கியது. இப்போது தொப்பியின் நாதம் தொடங்குவதும் முடிவதும் தனித்தனியாகக் கேட்கிறது. அக்கா மகன் முதல் தடவை தன் வாசிப்பை அதில் கேட்டபோது, இடது கையில் இவ்வளவு வித்தியாசம் வருகிறதா என்று மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டான். சபாவிலோ கோவில் திருவிழாவிலோ மைக் வைத்து இப்படிக் கேட்க வாய்ப்பே இல்லை.

வெளிச்சத்தத்தில் ரயில் ஒன்றைச் சொல்லலாம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபின் எந்த வண்டியும் தீவுக்குள் வரவில்லை. நாங்கள் அறை கட்டியது அந்த அமைதியில். புதுப் பாலம் திறந்ததும் ரயில் தீவுக்குள் வந்தது. வந்ததில் ஊருக்கே மகிழ்ச்சி, எனக்கும்தான். இரண்டு சுவரையும் தாண்டி ஒரு மெல்லிய அதிர்வு பதிவில் தெரியும். வயலினுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், ஒன்றும் குறையாது. மிருதங்கத்துக்கு வெட்டினால் தொப்பியின் உயிரே போய்விடும். ஆனால் ரயிலுக்கு அட்டவணை இருக்கிறது, பார்த்துக்கொண்டு உட்காருகிறோம். உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் மேலே போனால் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எஞ்சின் சத்தம் இல்லாத விடியற்காலைகளில்தான் எங்கள் நல்ல பதிவுகள் பலவும் அமைந்தன. கடலுக்குப் போக முடியாத வீடுகளில் அந்த நாட்கள் கஷ்டமானவை என்பதும் தெரிந்தே சொல்கிறேன்.

கீழக்கரையில் ஒரு நண்பர், தஃப் என்கிற ஒருமுகப் பறை அடித்துப் பாடுகிற குழு வைத்திருப்பவர், இதேபோல் ஒரு அறை போடலாமா என்று போன வாரம் கேட்டார். அறையின் ஒலியை மேலே எவ்வளவு புகழ்ந்திருக்கிறேனோ அதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். இருந்தும் அவருக்குச் சொன்னது, போடாதீர்கள் என்றுதான். கூடத்தில் தென்னைநார்ப் பலகைகளைச் சட்டத்தோடு நிறுத்தி, 2 டைனமிக் மைக் வைத்து, இரவு 11 மணிக்கு மேல் பதிவு செய்யுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி வாத்தியம் வைக்கிற சின்ன அறையில் போடுங்கள். கதவையும் சன்னலையும் அடைத்து ஏசியை நம்பி உட்கார வேண்டாம். ஏசி போட்டே தீருவேன் என்றால் அவுட்டோர் யூனிட்டை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். திருகாணிகளை மாட்டுவதற்கு முன்பே எஸ்எஸ்ஸாக மாற்றச் சொல்லுங்கள். காயில் பூச்சு பற்றி வாயால் சொன்னதை நம்பாமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

என் அறையை நான் விடப்போவதில்லை. புதுக் காயிலுக்குத் தனியாகப் பூச்சு அடித்து வாங்கியிருக்கிறேன், கச்சான் வந்து போன பிறகு அது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். மார்கழிக்குள் ஒரு தனி ஆவர்த்தனம் பதிவு செய்யலாம் என்று அக்கா மகனிடம் சொல்லியாயிற்று. மீட்டர் இன்று 52 காட்டுகிறது, வலந்தலை சுருதியில் நிற்கிறது.