குட்டி அடைக்கும் ஓலைக் கொடாப்பு: கல்லல் பக்கம் முடைந்து வாங்கியது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டுக்கு ஈத்து (குட்டி போடுவது) எடுப்பவர்களுக்குத் தெரியும், வெயிலில் விழுந்த குட்டி எப்படியும் தேறிவிடும், அடைமழையில் விழுந்ததுதான் நனைந்து விறைத்துப் போகும். எங்களிடம் இருப்பது இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி. கம்பளி ஆடு இல்லை, உடம்பில் முடிதான், குட்டிக்கு அதுவும் சொற்பம். அதனால் சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் ஓலை வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, குட்டிகளை அடைக்கும் ஓலைக் கூடான கொடாப்பு ஒன்று முடைந்து வாங்கினேன். கல்யாண வீட்டில் புழங்கும் செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, கொடாப்பு முடைகிறவர்களை மட்டும் விசாரித்து விசாரித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது!

புளிய விளாரை வளைத்துச் சட்டம், மேலே பனையோலை, கட்டெல்லாம் பனைநார். ஆணி, கம்பி ஒன்றும் கிடையாது. முன்னால் சின்ன வாசல், அதை மூட ஓலைப்படல். இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம், எனக்குப் பிடித்ததே அதுதான். தரை ஈரமானால் மேட்டுக்கு மாற்றிவிடலாம். ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் வயலுக்கு வயல் கிடை (இரவில் ஆட்டை அடைக்கும் இடம்) மாற்றும்போது கூடவே கொண்டு போன சாமான் அல்லவா, அந்த வசதி இருக்கத்தானே செய்யும்.

பெரியவரின் கைவேலை உச்சியில் தெரிகிறது. பக்கத்து ஓலையெல்லாம் நெருக்கமாக அடுக்கியவர், உச்சியை மட்டும் இறுக்கிக் கட்டாமல் தனி ஓலைத் தொப்பியாகக் கவிழ்த்திருக்கிறார். கேட்டால், "காத்து மேல போகட்டும் தம்பி, குட்டி மேல அடிக்கக் கூடாது" என்றார். விடிய விடிய மழை பெய்த ஒரு காலையில் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், வைக்கோல் காய்ந்தே கிடந்தது, மூத்திர வாடையும் மூக்கில் ஏறவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் தரைக்கு மேலே இடுக்கு விட்டு பிளாஸ்டிக் பலகை போட்ட பரண் கொட்டகை வைத்திருக்கிறார்கள். பெரிய ஆட்டுக்கு நல்லது, புழுக்கை கீழே விழுந்துவிடும், தரை காய்ந்திருக்கும். ஆனால் பச்சைக்குட்டியின் குளம்பு பலகை இடுக்கில் இறங்கிக்கொள்கிறது. விற்ற கடையில் கேட்டதற்குச் சாக்கு விரிக்கச் சொன்னார்களாம். சாக்கு விரித்தால் புழுக்கை எப்படிக் கீழே விழும்?

ஒன்று, பிறந்ததுமே குட்டியைக் கொடாப்பில் போட்டு மூடிவிடாதீர்கள். தாய் நக்கி வாசனை பிடிக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் இறங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தாயும் குட்டியும் 15, 16 சதுர அடி மறைப்பில் தனியாக இருக்கட்டும். அப்புறம் தாய் மேய்ச்சலுக்குப் போகும் நேரம் மட்டும் கொடாப்பு. நாய்க்கும் காக்கைக்கும் பயமில்லை, குட்டி மண்ணைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வதும் குறையும்.

குறை இல்லாமல் இல்லை. அடி விளிம்பில் கறையான் ஏறப் பார்க்கிறது, நான் செங்கல் அடுக்கி அதன்மேல் வைக்கிறேன். குட்டிகள் ஓலை நுனியைக் கடித்துப் பிய்க்கின்றன. குளிருக்கென்று உள்ளே குண்டு பல்பு தொங்கவிடும் யோசனை யாருக்காவது இருந்தால் வேண்டாம், காய்ந்த ஓலை, பற்றினால் அவ்வளவுதான். காசு என்று பார்த்தால் நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கும் செலவுக்குள் முடிந்தது.

வாங்குவதானால் ஆவணியிலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், மழை பிடித்துவிட்டால் ஓலை காயாது. பெரிய அளவு கேட்க வேண்டாம். நிறையக் குட்டிகளை ஒன்றாக அடைத்தால் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து அடியில் கிடப்பது நசுங்கிவிடும், சின்னதாக இரண்டு வாங்குவதே மேல்.