இருட்டு, குளம், மலைச்சரிவு: கொலராடோவின் மூன்று வெந்நீர் ஊற்றுகள்

எங்கள் வட்டத்தில் யாராவது அமெரிக்காவின் கொலராடோ மலைப்பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: "அங்க துணி இல்லாமத்தான் இறங்கணுமாமே?"

அப்படி இல்லை. அங்கே சில ஊற்றுகள் 'க்ளோத்திங் ஆப்ஷனல்'. அதாவது நீச்சலுடையோடும் இறங்கலாம், அது இல்லாமலும் இறங்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான். ஜப்பானின் ஆன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலில் பெரும்பாலும் நீச்சலுடைக்கு இடமே கிடையாது. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி இருக்கும். கொலராடோவின் இந்த இடங்களில் எல்லோருக்கும் ஒரே குளம், முடிவு மட்டும் அவரவருடையது. ஆள் பாதி ஆடை பாதி என்று கேட்டு வளர்ந்த நமக்கு ஜப்பானிய முறையே சுலபம் என்று நினைக்கிறேன். அங்கே விதி நமக்காக முடிவெடுத்துவிடுகிறது. இங்கே கரையில் நின்று நாமேதான் எடுக்க வேண்டும்.

நானும் மனைவியும் டென்வரிலிருந்து இப்படி மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறோம். போனபிறகு ஒன்று புரிந்தது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபின் கூச்சம் யாருக்கும் பெரிதாக இருப்பதில்லை. துண்டை வைத்துவிட்டுத் தண்ணீர் வரைக்கும் நடக்கிறோமே, அந்த நடைதான் சங்கடம். அதனால் நான் இந்த இடங்களை ஒப்பிடுவது அந்த நடையை வைத்துத்தான். தண்ணீரின் சூடு அடுத்தது.

"இருட்டினதுக்கு அப்புறம்னா நான் வரேன்" என்று மனைவி சொன்னதால் முதலில் போனது ஸ்ட்ராபெரி பார்க். டென்வரிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிறது. பகலில் நீச்சலுடை கட்டாயம். பொழுது சாய்ந்தபின் அது விருப்பம். அப்போது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. ஊற்றில் வரும் நீர் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானது. பக்கத்தில் ஓடும் குளிர்ந்த ஓடையோடு அதைக் கலந்து, கல்சுவர் எழுப்பிய தொட்டிகளில் தேக்கியிருக்கிறார்கள். ஒரே தொட்டியில் ஒரு பக்கம் சுடும், இரண்டடி நகர்ந்தால் இதமாக இருக்கும். கையால் துழாவித் துழாவி அவரவர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் இருட்டு நாங்கள் நினைத்த அளவு துணை செய்யவில்லை. நம்மை யாரும் பார்க்கவில்லை, சரி. நமக்கும் யாரையும் தெரியவில்லை. நீராவிக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் அது எத்தனை அடி தள்ளி என்று மனைவிக்குப் புரியவில்லை. அரைமணி நேரம் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கூச்சத்துக்காக இருட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்கப்படுகிற பயம் போகும், அதற்குப் பதில் பக்கத்தில் யாரென்றே தெரியாத பயம் வரும். கையில் டார்ச் அவசியம். குளிர்காலத்தில் பனி உறைந்த படிகளில் வெறுங்காலோடு நடப்பது விளையாட்டு இல்லை. பனிச்சறுக்கு ஊர் என்பதால் அந்தப் பருவத்தின் வார இறுதிகளில் கூட்டம் இருக்கும். நவம்பர் 1 முதல் மே 1 வரை, பனிக்கு ஏற்ற டயரோ சங்கிலியோ இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஏறவே கூடாது.

ஆர்விஸ் இதற்கு நேர் எதிர். தென்மேற்கில், சான் வான் மலைகளுக்கு நடுவே ரிட்ஜ்வே ஊரை ஒட்டி, நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டென்வரிலிருந்து ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். பட்டப்பகலிலேயே உடை விருப்பம். நடுவில் பெரிய குளம் ஒன்று, சுற்றிலும் பாறை, நீரின் சூடு 40 டிகிரியை ஒட்டி. 'லாப்ஸ்டர் பாட்' என்று ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. சிங்கி இறால் வேகவைக்கிற பானை என்று பெயர் வைத்ததிலேயே தெரிந்திருக்கும். அதில் ஐந்து நிமிடம் உட்காருவதே பெரிய விஷயம்.

உடை மாற்றிவிட்டுக் குளத்துக்கு வெளிச்சத்தில் நடந்துதான் ஆக வேண்டும். இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், முகத்தைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள், மறுபடி மலையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி, அறுவைச் சிகிச்சைத் தழும்போடு ஒரு பெண்மணி, நீச்சலுடையோடு இரண்டு பேர். பத்திரிகை அட்டையில் வருகிற உடம்பு ஒன்றுகூட இல்லை. மனைவிக்கு முதல் தைரியம் வந்தது அந்தப் பகல் வெளிச்சத்தில்தான். குளத்துப் பக்கம் செல்போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை என்பது அதைவிடப் பெரிய உதவி.

இந்தப் பள்ளத்தாக்கு யூட் பழங்குடி மக்களின் மண். அவர்கள் காலங்காலமாகக் குளித்த ஊற்றுகள் இவை. 1881-ல் அவர்களை இங்கிருந்து யூட்டா மாநிலத்துக்கு வெளியேற்றினார்கள். பக்கத்து ஊரான யூரே அவர்களின் தலைவர் ஒருவரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, நான் யாருக்கும் முதலில் சொல்லும் இடம்: வேலி வியூ. சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் ஓரம், சாங்ரே டி கிறிஸ்டோ மலையின் அடிவாரச் சரிவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அருகில் இருக்கும் ஊர் வில்லா குரோவ். அதுவும் மிகச் சிறியது. இதை நடத்துவது ஓரியன்ட் லேண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. லாபத்துக்காக இல்லாமல் நிலத்தைக் காப்பதற்காக நடத்துவதால், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இங்கே குளம் ஒன்றல்ல; சரிவு நெடுக சின்னச் சின்னதாக இருக்கின்றன. மேலே இருப்பதற்கு மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏற வேண்டும். அடியில் கூழாங்கல், ஓரத்தில் புல். தண்ணீர் ஒரு பக்கம் ஊறி மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஆர்விஸ் அளவுக்குச் சூடு கிடையாது. பல குளங்கள் உடம்புச் சூட்டை ஒட்டியவை. எலும்பு வரை காய வேண்டும் என்று வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அந்த மிதமான சூடுதான் வேண்டும், இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் கிடக்கலாம்.

முக்கியமாக, இங்கே அந்த நடை ஒரு சங்கடமாகவே தெரிவதில்லை. குளத்துக்குக் குளம் பாதையில் நடப்பவர்களில் பலர் துண்டைத் தோளில் மட்டும் போட்டிருக்கிறார்கள், அதுவும் வெயிலுக்காக. குழந்தைகளோடு குடும்பமாக வருகிறார்கள். ஒரு குளத்தில் ஆள் இருந்தால் அடுத்ததற்குப் போய்விடலாம். நாங்கள் மேலே ஏறியபோது அந்தக் குளத்தில் யாருமே இல்லை. மனைவி ஒரு நிமிடம் நின்றார், துண்டை மடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார், இறங்கிவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. கூச்சப்படுகிறவருக்கு இருட்டைவிடத் தாராளமான இடம்தான் கைகொடுக்கும் என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது.

கோடையில் போனால் வௌவால்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். சரிவில் ஒரு மணி நேர நடையில் ஓரியன்ட் என்ற பழைய இரும்புச் சுரங்கம் இருக்கிறது. பியூப்லோ எஃகு ஆலைக்குத் தாது தோண்டிய இடம் அது, இப்போது கைவிடப்பட்டுவிட்டது. அதில் சுமார் இரண்டரை லட்சம் மெக்சிகன் வௌவால்கள் கோடையைக் கழிக்கின்றன. அந்தி நேரத்தில் சுரங்க வாயிலிலிருந்து புகை எழுவதுபோல் கிளம்பி, பள்ளத்தாக்கின் மேல் ஒரு கயிறாக நீண்டு போகின்றன. கிட்ட நின்றால் சிறகுகளின் சலசலப்பு கேட்கும், தண்ணீர் ஓடுகிற மாதிரி.

உடம்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே 2,000 மீட்டருக்கு மேல். சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கும், உயரத்தில் உடம்பு சீக்கிரம் வறளும். மதுவைத் தவிர்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இயற்கை ஊற்றில் தலையை முக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஊற்றுநீர் இந்த நோயைத் தீர்க்கும் அந்த நோயைத் தீர்க்கும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. முதுகுவலி அன்றைக்குக் குறைகிறது, அது எனக்குப் போதும்.

துணையோ பெற்றோரோ உடையில்லாதவர்கள் இருக்கும் இடத்துக்கே வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஸ்ட்ராபெரி பார்க்குக்குப் பகலில் கூட்டிப் போகலாம். இல்லாவிட்டால் ஆர்விஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், யூரே ஊராட்சியே நடத்தும் பெரிய வெந்நீர்க் குளம் இருக்கிறது. 1920-களிலிருந்து இயங்குகிறது, அங்கே நீச்சலுடை கட்டாயம், சுற்றிலும் செங்குத்தான மலை. போன கோடையில் மாமனார் மாமியாரை அந்த ஊரில் ஒரு காபிக் கடையில் உட்காரவைத்து, எங்கே போகிறோம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் இருவரும் ஆர்விஸுக்குப் போய் வந்தோம். திரும்பி வந்ததும் மாமியார் மகளின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி நல்லா சூடா இருந்துச்சா?"